துவைக்காமல் விட்ட விரிப்பு

வெள்ளைத் துணியில் கரித்தூள் விழுந்தால் தேய்க்கக் கூடாது. கையால் தட்டவும் கூடாது. துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, ஓங்கி ஒரே ஒரு உதறு உதற வேண்டும். போனது போக மிச்சமிருப்பதை வாயால் ஊத வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மறுபடி தொட்டியில் போட வேண்டியதுதான். விவரம் தெரியாதவர்கள் அவசரப்பட்டு விரலால் துடைத்தால் கடுகளவு கறுப்பு கோடாக இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் அந்தத் துணி அடுப்படிக்குத்தான் லாயக்கு.

இது நீலக்கா பிறந்த வீட்டில் கற்ற பாடமில்லை. அங்கேயும் துணி வெளுப்பதுதான் தொழில். ஆனால் அங்கே வானத்திலிருந்து துணிமேல் வெயில் மட்டும்தான் விழுந்தது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து, இரண்டு பெண்களைப் பெற்று, இளையவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தெருக்கோடியில் அட்டை ஆலை வந்தது. ஆலையோடு கொதிகலன் வந்தது, கொதிகலனோடு அந்த உயரமான புகைபோக்கியும் வந்தது. அதற்குப் பிறகு கரியின் குணத்தைத் தானாகவே படித்துக்கொண்டாள்.

நீலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரும் இல்லை. வெள்ளைத் துணிக்கு நீலம் கரைக்கிற கை என்பதால் அவளுடைய வலது கை நகங்கள் எப்போதும் நீலம் பூத்திருக்கும். மூத்தவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர்ல நகப்பூச்சு எங்க கிடைக்குது?" என்று உண்மையாகவே கேட்டாள். நீலக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "என்கூட வந்து ஒரு மாசம் துணி அலசும்மா, இலவசமாவே ஏறிடும்" என்றாள்.

வீடு இரண்டே அறைதான். முன்னறை முழுவதையும் புருஷனின் இஸ்திரி மேசை பிடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் மூன்று சிமெண்டுத் தொட்டிகள். ஒன்றில் ஊறும், அடுத்ததில் அலசும், கடைசியில் நீலம். மாடியில் சுவரிலிருந்து சுவருக்குக் கொடிகள். அவள் வெளுப்பாள், அவர் தேய்ப்பார். அவர் அதிகம் பேசாதவர். ஆனால் பேசினால் எதிராளி சிரிக்காமல் போகமுடியாது.

வெளுக்க வரும் எந்தத் துணியானாலும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் அழியாத மையால் குறி போடுவாள். மூன்று புள்ளி, அடியில் ஒரு கொக்கி. மாமனார் காலத்துக் குறி. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத அந்த மனிதர் மருமகளிடம் குறிக்குச்சியைக் கொடுத்தபோது சொன்னது ஒன்றுதான்: "இது போட்ட துணியில அழுக்கு தெரிஞ்சா, அழுக்கு துணியோடது இல்ல, நம்மளோடது." நீலக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆலை வந்த பிறகு, காயப்போட்ட துணியில் கரி விழுந்த நாளெல்லாம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்ப அலசிக் காயவைத்தாள். தண்ணீர் கூடுதல், சோப்பு கூடுதல், இடுப்புவலியும் கூடுதல். வாடிக்கைக்காரர் கைக்குப் போகும்போது துணி பால்போல இருக்கும்.

வாடிக்கையில் பெரியது பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த லாட்ஜ். அங்கிருந்து வந்த படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும்தான் அந்த வீட்டு அடுப்பைப் பெரும்பாலும் எரியவைத்தன. அதற்கடுத்து, ஆலைக்கு அந்தப்புறம் அதிகாரிகள் குடியிருந்த மேட்டுப்பக்கத்து வீடுகள். ஆலை மேனேஜரின் சட்டைகளும் அதில் சேர்த்தி. ஒருமுறை அவர் சட்டை ஒன்றைத் திருப்பியனுப்பினார். காலரில் கறுப்புப் புள்ளி இருந்ததாம். எங்கிருந்து விழுந்த புள்ளி என்று அவளுக்குத் தெரியும். மென்று விழுங்கிக்கொண்டு மறுபடி வெளுத்தனுப்பினாள்.

அந்த ஆலையில் கொதிகலன் பார்த்தவன் அவளுடைய கொழுந்தன். அடுத்த வீட்டில்தான் தனியாக இருந்தான், சாப்பாடு அண்ணி கையால். ஒரு சாயங்காலம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நல்ல சேதி சொல்பவன்போல ஆரம்பித்தான்.

"அண்ணி, நாளைக்கும் நாளன்னைக்கும் தைரியமா மாடியில போடுங்க. காத்து மேட்டுப் பக்கம் திரும்பிருச்சு."

"அப்ப அங்க காயுற துணியெல்லாம் கரியாகுமா? பாவம், அங்கயும் என் துணிதானே."

"அங்க எப்படி விழும்? அந்தப் பக்கம் காத்து அடிச்சா ஃபில்டர ஓட்டச் சொல்லிடுவாங்களே."

நீலக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன ஃபில்டர்?"

கொழுந்தன் வாயில் வைத்த கவளத்தை விழுங்கத் தெரியாமல் முழித்தான். சொல்லியாகிவிட்டது, இனி மறைத்துப் பயனில்லை. புகைபோக்கியின் அடியில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. ஆலை கட்டியபோதே வைத்தது. அதற்குக் கரண்ட் ஏகமாக இழுக்கும். காற்று மேட்டுப்பக்கம் அடித்தால் அங்கிருக்கும் அதிகாரிகள் வீட்டிலிருந்து உடனே போன் வரும், அதனால் ஓட்டுவார்கள். காற்று இந்தத் தெருப்பக்கம் அடித்தால் நிறுத்திவிடுவார்கள். இங்கிருந்து போன் போவதில்லை.

"இத்தனை வருஷமாவா?" என்றாள்.

"எனக்கு இப்பதான் பாய்லர் வேலை கொடுத்தாங்க அண்ணி. எங்கிட்ட கோபப்படாதீங்க. சாப்பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க."

புருஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மேட்டுப் பக்கத்துக்கு மிஷின் ஃபில்டர். நம்ம பக்கத்துக்கு நீதான் ஃபில்டர். கரண்ட் செலவுகூடக் கிடையாது."

வழக்கமாக அவர் சொன்னால் அவள் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கரி விழுவதை ஏதோ மழை விழுவதுபோல, யார் மேலும் குறையில்லாத ஒன்றாகத்தான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். ஒருவன் ஒரு சுவிட்சைத் தட்டி நிறுத்துவதால் விழுகிறது என்பது வேறு சங்கதி. அதோடு, விழுந்ததையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் கழுவித் துடைத்துக் கொடுத்தது அவள் கை.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் வெளியூரில். ஒரே மகள், எப்போதும் தத்தித் தத்தி நடப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் சிட்டு. சிட்டுவுக்கு மூச்சிரைப்பு. ஆலைப்பக்கம் பார்த்த ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, அந்தப் புழுக்கத்தில் தையல்காரி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். தையல் மிஷின் ஓடாதபோது குழந்தைக்கு ஆவி பிடிக்கும் மிஷின் ஓடும். அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் நீலக்கா தொட்டியில் கைவைத்தபடியே ஒருகணம் நின்று, அது ஓய்ந்த பிறகுதான் மறுபடி அலசுவாள்.

மறுநாள் தையல்காரியிடம் விஷயத்தைச் சொன்னாள். "ஒரே ஒரு கண்டிஷன். என் கொழுந்தன் பேரு எங்கயும் வரக்கூடாது. வந்தா அவன் வேலை போயிடும்."

"நான் ஏங்க்கா அவர் பேர இழுக்கப்போறேன்? என் பிள்ளை நெஞ்சு பேசுதே, அது போதாதா?" என்றாள் தையல்காரி. அன்றைக்கே சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் பதில் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

இந்த இடத்தில்தான் அந்தத் தெரு, அந்தத் தெருவால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தது.

பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் தெருவே பரபரத்தது. முதல் ஆளாக வாளியைத் தூக்கியவள் நீலக்காதான். ஜன்னல் கம்பிகளில் படிந்திருந்த கரியைத் துடைத்தாள். மாடியைக் கழுவிவிட்டாள். அவளைப் பார்த்துத் தையல்காரி வாசலைக் கழுவினாள், அவளைப் பார்த்து அடுத்தவள். பூச்செடி வைத்திருந்தவர்கள் இலை இலையாகத் துடைத்தார்கள். கொடியில் கிடந்த சந்தேகத்துக்குரிய துணிகளெல்லாம் உள்ளே போய், வெளுத்த துணிகள் வெளியே வந்தன. அதிகாரி உட்கார நாற்காலி போட்டு, அதன்மேல் நீலக்கா தன் கையால் வெளுத்த வெள்ளை உறையை விரித்தாள்.

அதிகாரி ஒரு பெண். நடுத்தர வயது, தோளில் கனமான பை. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அதிலிருந்து சன்னமாக வெள்ளையாக ஏதோ வந்துகொண்டிருந்தது. ஆலைக்காரர்களுக்கும் வெள்ளிக்கிழமை தெரிந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மாடிக்குப் போனார். தரை பளபளத்தது.

"கரி விழுதுன்னு எழுதியிருந்தீங்களே, எங்க?"

அப்போதுதான் தெருவுக்கு உறைத்தது.

"துடைச்சிட்டோம் மேடம்" என்றாள் நீலக்கா.

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்களேன்னு."

அதிகாரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வரவில்லை அவருக்கு. சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்ததுபோலிருந்தது. வெள்ளை உறை போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் கண்ணால பாத்ததத்தான்மா எழுத முடியும். இன்னிக்குப் பாத்தது, இந்த ஊர்லயே இவ்வளவு சுத்தமான தெரு கிடையாதுங்கறதுதான். இன்னொரு தடவை வர்றேன். எப்பன்னு சொல்லமாட்டேன். சொன்னா நீங்களும் கழுவிடுவீங்க, அவங்களும் கழுவிடுவாங்க."

அவர் போன பிறகு தெருவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தையல்காரி மட்டும் வாளியைக் காலால் ஓர் உதை விட்டாள். "விருந்தாளி வந்தா மூஞ்சி கழுவாம நிக்கத் தெரியல நமக்கு."

"நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்" என்றாள் நீலக்கா.

"ஆமா, நீங்கதான். உங்க கைய ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கணும்."

வீட்டுக்குள்ளிருந்து புருஷன் குரல் வந்தது. "கட்டிப் போட்டா பல்லால துவைப்பா."

அந்தச் சிரிப்பில்தான் அந்த யோசனை பிறந்தது. யார் வாயில் முதலில் வந்தது என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒரு வெள்ளை விரிப்பு. வாசலில், தெருவைப் பார்த்துத் தொங்க வேண்டும். அதிகாரி எப்போது வந்தாலும் வரட்டும். அதுவரை அந்த விரிப்பை யாரும் எடுக்கக் கூடாது, உதறக் கூடாது. முக்கியமாக, துவைக்கக் கூடாது.

லாட்ஜில் கழித்துப்போட்ட பழைய விரிப்புகள் நீலக்காவிடம் அடுக்காக இருந்தன. அவற்றை ஊறவைத்து, வெளுத்து, நீலம் போட்டு, காற்று மேட்டுப் பக்கம் இருந்த நாளில் காயவைத்துத் தெரு முழுவதற்கும் அவளே கொடுத்தாள். தையல்காரி ஓரம் மடித்துத் தைத்தாள். எல்லா வாசலிலும் ஒரே காலையில் விரிப்புகள் ஏறின. பார்க்கத் தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஒரு வாரத்துக்குள் அந்த அழகு போய்விட்டது. முதலில் ஆங்காங்கே புள்ளிகள் தெரிந்தன. பிறகு புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை சாம்பலாக மங்கியது. ஆலைக்கு அடுத்த வீட்டு விரிப்பு புகை பிடித்த சுவர்போல ஆனது. தெருவின் மறுகோடிக்குப் போகப் போக நிறம் வெளிறிக்கொண்டே வந்தது. நடந்து போகிறவன் விரிப்புகளை வரிசையாகப் பார்த்தாலே புகை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்கு அது வெறும் விரிப்பு. நீலக்காவுக்கு ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கிற நாள். வெளுப்பவள் வீட்டு வாசலில் கறுத்த துணி தொங்குகிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒருமுறை நின்று பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு அதன் கீழ்மூலையில் மூன்று புள்ளியும் கொக்கியும். மாமனாரின் குரல் காதிலேயே நின்றது. மாட்டிய அன்றைக்கே, முதல் புள்ளி விழுமுன், அவள் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த மூலையை உட்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து, குறி வெளியே தெரியாதபடி கிளிப் போட்டுக் கவ்வவைத்திருந்தாள்.

புருஷன் அதைப் பார்த்தார். "என்ன, துணிக்குக் கூச்சமா?"

"எனக்குத்தான்."

அன்று மட்டும் அவள் அலசிவைத்த துணியை அவரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

லாட்ஜ்காரர் ஒருநாள் தானே வந்தார். வாசலில் நின்று விரிப்பைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன நீலக்கா இது? கடைக்கு முன்னால அழுகின பழத்த மாட்டி வச்ச மாதிரி."

"அது ஆலைக் கரி சார். அதிகாரி வந்து பாக்கணும்னுதான் விட்டிருக்கோம்."

"உங்க நியாயம் உங்களுக்கு. ஆனா என் விரிப்ப வெளுக்கிற இடம் இதுன்னு ரூம்ல தங்குறவன் பாத்தான்னு வைங்க, அவன் படுப்பானா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இத இறக்குங்க. இல்லன்னா மிஷின் லாண்டரிக்காரன் நேத்துக்கூட வந்து கேட்டுட்டுப் போனான். நான் வேற வழி பாத்துக்கிறேன்."

நீலக்கா விரிப்பின் பக்கம் திரும்பினாள். கிளிப்பைக் கழற்றினால் போதும், ஓர் இழுப்பில் கைக்கு வந்துவிடும். தொட்டியில் போட்டால் சாயங்காலத்துக்குள் பழையபடி வெள்ளை. கை நீண்டும்விட்டது. அப்போது எதிர்வீட்டில் ஆவி பிடிக்கும் மிஷின் முனகத் தொடங்கியது. அது ஓய்கிறவரை அவள் வழக்கம்போல அசையாமல் நின்றாள். அன்றைக்கு அது ஓய வெகுநேரம் பிடித்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் லாட்ஜ்காரர்.

"உங்க துணி எல்லாம் தேச்சு அடுக்கி வச்சிருக்கேன் சார். எடுத்துக்கங்க" என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வீம்பாக ஆட்டோவை வரச் சொன்னார். மூட்டைகளை ஏற்ற புருஷனும் கைகொடுத்தார். கடைசி மூட்டையை வைத்துவிட்டு, "போய் வெளுத்துட்டு வாங்க" என்று துணியிடம் சொன்னார். அன்று மாலை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கொழுந்தன் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிராமல், "நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் அண்ணி" என்றான். நீலக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "இவ்வளவு நாள் நாங்க எல்லாரும் சும்மா இருந்தது போதாதா? சாப்பிடு."

பெரிய வாடிக்கை போனதும் தொட்டிகள் அரைவயிறாகின. மேட்டுப்பக்கத்து வீடுகளிலும் ஒன்றிரண்டு மெல்லக் கழன்றுகொண்டன. ஆலை மேனேஜரின் சட்டைகள் மட்டும் எப்போதும்போல வந்தன. அவர் வீட்டுக்காரம்மாவுக்கு வேறு யார் வெளுத்தாலும் பிடிக்காது.

பிறகு ஒரு காலையில், யாரும் நினைக்காத நேரத்தில் அதிகாரி வந்து இறங்கினார். தெருமுனையிலேயே காரை விட்டுவிட்டு, ஒவ்வொரு விரிப்பையும் நின்று பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். புகைபோக்கியிலிருந்து அன்றைக்கு வந்த புகையில் வெள்ளை ஏதும் இல்லை. ஆலைக்கு ஆள் அனுப்பி மேனேஜரையும் வரவழைத்தார். நீலக்கா வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள்.

மேனேஜர் கெட்டவர்போலப் பேசவில்லை. வெள்ளைச் சட்டையில், மரியாதையாகத்தான் நின்றார். "மேடம், இந்த மக்கள்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா ஒரு சந்தேகம். இதெல்லாம் பழைய துணி. எப்ப கறுத்துச்சு, எங்க கறுத்துச்சு, யாருக்குத் தெரியும்? அடுப்படியில கிடந்ததாக்கூட இருக்கலாமே. மாட்டும்போது வெள்ளையா இருந்துச்சுன்னு யார் சொல்றது?"

"நாங்க சொல்றோம்!" என்று தெருவே கத்தியது.

"நீங்க சொல்லுவீங்க" என்றார் மேனேஜர்.

அதிகாரி கையை உயர்த்தினார். "கேள்வி நியாயமானதுதான். மேல இருக்கிறவங்க என்னையும் இதேதான் கேப்பாங்க. மாட்டினப்ப இது வெள்ளைன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. தையல்காரி நீலக்காவைப் பார்த்தாள். நீலக்கா விரிப்பின் கீழ்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் அந்தக் கறுத்த துணியில் தன் குறியைக் காட்டுவதா? அதைவிட முகத்தில் கரியைப் பூசிக்கொள்ளலாம். ஆனால் மடிப்புக்குள் என்ன இருக்கும் என்பது மற்ற யாரையும்விட அவளுக்குத் தெரியும். துணி மடித்தே வாழ்ந்தவள்.

குனிந்து கிளிப்பை எடுத்தாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள். பிறகு அடுத்ததை.

உள்ளே கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளை. புதுப் பாலாடைபோல, நீலம் மின்ன, ஒரு புள்ளி கரியில்லாமல். நடுவே மூன்று புள்ளி, அடியில் ஒரு கொக்கி. அதைச் சுற்றி, கோடு போட்டதுபோல, மடிப்பு முடிந்த இடத்தில் கறுப்பு தொடங்கியது.

"இது என் குறி" என்றாள். "இத யாரும் பாத்துடக் கூடாதுன்னு மடிச்சு வச்சேன். வெக்கமா இருந்துச்சு. மாட்டினப்ப துணி முழுக்க இப்படித்தான் இருந்துச்சு மேடம். இந்தக் குறி போட்ட துணி என் வீட்ட விட்டு வெளுக்காமப் போனதே கிடையாது. இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அதிகாரி யாரைக் கேட்பது என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். மேனேஜரின் கை, அவருக்கே தெரியாமல், மேலே எழுந்து பின்கழுத்தில் காலரைத் தொட்டது. அதன் உட்புறம் எந்தக் குறி இருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தையல்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதிகாரியின் பார்வை அந்தக் கையில் ஒரு விநாடி நின்று, திரும்ப விரிப்புக்கு வந்தது.

மேனேஜர் கையை இறக்கினார். "நல்லாத்தான் வெளுப்பாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதிகாரி படம் எடுத்தார், அளவெடுத்தார், எல்லா வாசலிலும் ஏறி இறங்கினார். கடைசியில் நீலக்காவின் விரிப்பைக் கொடியிலிருந்து கழற்றி, உதறாமல், பத்திரமாகச் சுருட்டிக் காகித உறைக்குள் வைத்தார். பிறகு ஆலைக்குள் போனார். உள்ளே ஓடாமல் நின்ற இயந்திரத்தை அவரே கண்ணால் பார்த்தார். யார் பெயரையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. உத்தரவு வரவே பல மாதம் ஆனது. ஃபில்டர் எந்தக் காற்றுக்கும் நிற்கக் கூடாது என்று அதில் இருந்தது. "நின்னுச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று தையல்காரி கேட்டாள். அப்போது கொழுந்தன், அண்ணி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, சுவருக்குச் சொல்வதுபோல ஒரு யோசனை சொன்னான். ஃபில்டர் மோட்டாரோடு ஒரு பச்சை விளக்கை இணைத்து, ஆலைச் சுவருக்கு வெளியே, தெருவைப் பார்த்து மாட்டச் சொன்னால் போதும். மோட்டார் ஓடினால் எரியும், நின்றால் அணையும். தெரு அதைக் கூட்டம் போட்டுக் கேட்டது. அதிகாரி அதையும் உத்தரவில் சேர்த்தார். இப்போது அந்தப் பச்சை விளக்கு எரிகிறது. வீடுகள் முறைவைத்து அதைப் பார்த்துக்கொள்கின்றன. எப்போதாவது அணைந்தால், உலையில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஆலை வாசலுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வீட்டு வாசலில் புது விரிப்பும் ஏறுகிறது. விளக்கை நம்பினாலும் துணியைக் கொஞ்சம் அதிகமாக நம்புகிறார்கள்.

சிட்டுவுக்கு மூச்சிரைப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஆலைப்பக்கத்து ஜன்னலின் பலகையைத் தையல்காரி எடுத்துவிட்டாள். லாட்ஜ் வாடிக்கை திரும்பி வரவேயில்லை. மிஷின் லாண்டரி விரிப்பின் ஓரங்களைக் கிழித்துத் தருகிறது என்று கேள்வி; லாட்ஜ்காரர் வீம்புக்காரர், ஒத்துக்கொள்ளமாட்டார். தன்னுடைய சொந்தச் சட்டைகளை மட்டும் கொழுந்தன் கையில் ரகசியமாகக் கொடுத்தனுப்புகிறார். நீலக்காவும் ரகசியமாகவே வெளுத்துக் கொடுக்கிறாள். காற்றுக்குப் பயந்து இரண்டுமுறை அலசுவது நின்றதில், குறைந்த வேலையிலும் குடும்பம் தட்டுத்தடுமாறி ஓடுகிறது.

நீலக்காவுக்கு மனதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கைப் பார்வையிட அதிகாரி ஒருமுறை வந்தபோது மெல்லக் கேட்டாள்.

"மேடம், அந்த விரிப்போட வேலை முடிஞ்சுதுன்னா திருப்பித் தர்றீங்களா? ஊறவச்சு வெளுத்துடுறேன்."

அதிகாரி தயங்கினார். "அது எங்க ஆபீஸ்ல சுவத்துல மாட்டியிருக்கும்மா. கண்ணாடி போட்டு. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அதக் காட்டித்தான் பாடமே எடுக்கிறோம்."

நீலக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ! குறியோடவா?"

"குறிதானே அதுல முக்கியம்."

"அது சரிங்க. ஆனா வர்றவங்க போறவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

உள்ளே புருஷன் இஸ்திரிப் பெட்டியைப் பலகைமேல் நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நேற்று தேய்த்து மடித்த விரிப்பு ஒன்றை அடுக்கிலிருந்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

அவள் அதைப் பிரித்து வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் ஒருதரம் பார்த்தாள். கீழ்மூலையில் குறி சரியாக விழுந்திருந்தது. திரும்ப மடித்து, குறி மேலே தெரியும்படி வைத்து, அதிகாரியிடம் நீட்டினாள்.

"இதையும் அதுக்குப் பக்கத்துல மாட்டிடுங்க மேடம்" என்றாள். "நான் இப்படித்தான் வெளுப்பேன்."